சொல்லுக்குத் தகுதி மறுக்கப்பட்டவர்: சார்லஸ் பிராட்லாவின் வாழ்க்கை

இந்தியாவில் சட்டமன்றத்திற்கோ நாடாளுமன்றத்திற்கோ தேர்ந்தெடுக்கப்படுவோர் பதவியேற்கையில் இரண்டு வழிகளில் ஒன்றைத் தெரிவு செய்யலாம். கடவுளின் பெயரால் ஆணையிடலாம். அல்லது உளமார உறுதி கூறலாம். அரசியலமைப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை இவ்விரண்டையும் அருகருகே வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் இரண்டாவது வழியை நாம் பலமுறை கேட்டுப் பழகிவிட்டோம். பழகியதாலேயே, கடவுளைச் சாட்சிக்கு அழைக்காத ஒருவரின் சொல்லும் சொல்தான் என்பதை ஓர் அரசு ஒப்புக்கொள்ள எத்தனை நெடிய போராட்டம் தேவைப்பட்டது என்பதை மறந்தும் விட்டோம். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அப்போராட்டத்தைத் தன் உடலாலும் உடைமையாலும் நடத்தியவர் சார்லஸ் பிராட்லா.

பகுத்தறிவாளர் மேடைகளில் பிராட்லா ஒரு நாத்திகச் சொற்பொழிவாளராக நினைவுகூரப்படுகிறார். அது உண்மைதான், ஆனால் முழு உண்மை அன்று. கடவுள் உண்டா இல்லையா என்ற விவாதத்தைவிட, கடவுளை நம்பாத ஓர் ஏழையின் சொல் நீதிமன்றத்தில், அச்சகத்தில், நாடாளுமன்றத்தில் செல்லுபடியாகுமா என்ற கேள்வியே அவர் வாழ்வின் பெரும்பகுதியை விழுங்கியது. யாருடைய சொல்லை அரசு சொல்லாக ஏற்கிறது என்பது சாதியால் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அந்நியமான கேள்வி அன்று. ஆகவே அவர் வாழ்க்கையை அக்கேள்வியின் வழியே இங்கு நாம் பார்க்க விரும்புகிறோம்.

ஐயம் கேட்ட சிறுவன்

1833 செப்டம்பர் 26 அன்று கிழக்கு லண்டனின் ஹாக்ஸ்டன் பகுதியில் பிராட்லா பிறந்தார். தந்தை ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் குறைந்த ஊதியம் பெற்ற எழுத்தர். சிறுவனின் பள்ளிப்படிப்பு 11 வயதோடு முடிந்தது. முதலில் எடுபிடிப் பையனாகவும் பின்னர் ஒரு நிலக்கரி வணிகரிடம் எழுத்தராகவும் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தின் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். அப்போது அவர் பக்திமிக்க கிறிஸ்தவர்.

பேராயர் வருகை தரவிருந்த ஒரு சமயத்தில், திடப்படுத்தல் சடங்கிற்கு ஆயத்தமாகும்படி பங்குக் குரு அவரிடம் சொன்னார். சிறுவன் அதைக் கடமையாக எடுத்துக்கொண்டு நான்கு நற்செய்தி நூல்களையும் இங்கிலாந்துத் திருச்சபையின் 39 கோட்பாடுகளையும் ஒப்பிட்டுப் படித்தான். அவை ஒன்றோடொன்று பொருந்தாத இடங்களைக் கண்டு, விளக்கம் கேட்டுக் குருவுக்குக் கடிதம் எழுதினான். விளக்கம் வரவில்லை. மகன் நாத்திகனாகிவிட்டான் என்ற முறையீடுதான் தந்தைக்குச் சென்றது. ஞாயிறு பள்ளியிலிருந்து அவனை மூன்று மாதம் விலக்கி வைத்தார்கள். கருத்தை மாற்றிக்கொள்ளாவிட்டால் வேலையும் போகும் என்று பின்னர் மூன்று நாள் கெடு விதித்தார்கள். மூன்று நாள் முடியுமுன் அவர் வேலையையும் வீட்டையும் துறந்து வெளியேறினார். வயது 16.

தெருவில் நின்ற அவரை ஏற்றுக்கொண்டவர் எலிசபெத் ஷார்ப்பிள்ஸ். ரிச்சர்ட் கார்லைலின் வாழ்க்கைத் துணைவியாக இருந்தவர் அவர். தாமஸ் பெயினின் மத விமரிசன நூலை வெளியிட்டது முதலிய குற்றச்சாட்டுகளுக்காகக் கார்லைல் மொத்தம் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்தவர். அவர் சிறை சென்றபோது மனைவியும் தங்கையும் கடை ஊழியர்களும் ஒருவர் பின் ஒருவராக விற்பனையைத் தொடர்ந்து, ஒருவர் பின் ஒருவராகச் சிறை சென்றார்கள். அச்சிட்ட தாளுக்காகச் சிறை செல்வது அந்த வீட்டின் மரபு. அங்கேதான் பிராட்லா வளர்ந்தார். பெயினின் மற்றொரு நூலான மனித உரிமைகளை ஏறத்தாழ இதே காலத்தில், 1847இல், புனேயில் ஓர் இளைஞர் படித்துக்கொண்டிருந்தார். அவர் ஜோதிராவ் பூலே.

பட்டாளமும் மேடையும்

17 வயதில் பிராட்லா தம் முதல் துண்டுநூலை வெளியிட்டார். நாத்திகருக்கு வேலை கொடுக்க ஆளில்லை, கடன் ஏறியது. 1850 இறுதியில் பட்டாளத்தில் சேர்ந்தார். இந்தியாவுக்கு அனுப்பப்படுவோம் என்று எண்ணியவர் அயர்லாந்தில் நிறுத்தப்பட்டார். நிலக்கிழார்கள் குத்தகையாளர்களின் குடிசைகளை இடித்து வெளியேற்றியபோது காவலுக்குச் சென்றவை இத்தகைய படைப்பிரிவுகளே. நோயுற்ற ஒருவர் படுக்கையோடு வெளியே கொண்டுவரப்பட்டு இறந்ததைப் பின்னாளில் அவர் மேடைகளில் விவரித்தார். நிலம் யாருடையது என்ற கேள்வி அங்கிருந்தே அவரைப் பற்றிக்கொண்டது.

உறவினர் ஒருவர் விட்டுச் சென்ற சிறு தொகையால் 1853இல் பட்டாளத்திலிருந்து விடுதலையை விலைக்கு வாங்கி லண்டன் திரும்பினார். பகலில் வழக்கறிஞர் அலுவலக எழுத்தர், மாலையில் சொற்பொழிவாளர். முதலாளிக்குத் தொல்லை நேராதிருக்க உருவ உடைப்பாளர் எனப் பொருள்படும் புனைபெயரில் பேசினார். சட்டம் படித்துப் பட்டம் பெற்றவர் அல்லர் அவர். அலுவலகத் தாள்களைப் படியெடுத்துப் படியெடுத்துச் சட்டம் கற்றவர். பின்னாளில் தம் வழக்குகள் பலவற்றில் தாமே வாதிட்டார்.

1861இல் டெவன்போர்ட் நகரில் திறந்தவெளியில் பேச முயன்றபோது காவலர்கள் அவரைக் கைது செய்தனர். அடுத்த முறை அவர் படகில் ஏறி, நகர அதிகார எல்லைக்கு அப்பாலிருந்த நீர்ப்பரப்பில் நின்று, கரையில் திரண்ட மக்களிடம் பேசினார். கைது செய்த அதிகாரி மீது வழக்கும் தொடுத்தார். நீதிமன்றம் அவருக்கு வழங்கிய இழப்பீடு வெறும் ஒரு ஃபார்திங். சட்டம் அவர் பக்கம் நின்றாலும் அவருடைய மதிப்பை எவ்வளவாகக் கணித்தது என்பதற்கு அதுவே சான்று.

பிணைத்தொகையும் சாட்சிக்கூண்டும்

1860இல் தொடங்கிய தேசியச் சீர்திருத்தர் இதழ் விரைவில் அவர் பொறுப்பில் வந்தது. 1866இல் தேசிய மதச்சார்பற்ற சங்கத்தை நிறுவினார். அக்காலத்தில் செய்தித்தாள் நடத்துவோர், தெய்வநிந்தனைக்கோ அரசத் துரோகத்திற்கோ தண்டிக்கப்பட நேர்ந்தால் பயன்படும் பொருட்டு, நூற்றுக்கணக்கான பவுன் பிணை கட்ட வேண்டுமென ஒரு பழைய சட்டம் இருந்தது. பணக்காரர்களின் இதழ்களை அது உறுத்தவில்லை. ஏழைகள் நடத்திய இதழ்களை அது தொடக்கத்திலேயே நெரித்தது. 1868இல் பிராட்லாவின் இதழ்மீது அரசு இச்சட்டத்தை ஏவியது. அவர் பிணை கட்டவில்லை. அரசின் ஆணையை மீறி அச்சிடப்படுகிறது என்று இதழின் முகப்பிலேயே அறிவித்துவிட்டு வெளியிட்டார். வழக்கு நீடித்தது, அரசு பின்வாங்கியது. 1869இல் அச்சட்டம் நீக்கப்பட்டது.

அடுத்தது சாட்சிக்கூண்டு. கடவுளையும் மறுமைத் தண்டனையையும் நம்பாதவரின் சத்தியம் சத்தியமாகாது என்பது ஆங்கிலச் சட்டத்தின் நெடுங்கால நிலை. அதன் விளைவு கொடியது. நாத்திகர் ஒருவர் தமக்கு வரவேண்டிய கடனை வசூலிக்க வழக்குத் தொடுத்தாலும், தம் வழக்கில் தாமே சாட்சி சொல்ல இயலாது. பிராட்லா தம் சொந்த வழக்கிலேயே இந்தத் தடையில் முட்டிக்கொண்டார். 1869, 1870 ஆண்டுகளின் சாட்சியச் சட்டத் திருத்தங்கள், அத்தகையோர் உறுதிமொழி கூறிச் சாட்சியளிக்க வழிவகுத்தன. அதற்குப் பின்னிருந்த உழைப்பில் அவருடைய பங்கு பெரிது.

இந்த இடத்தில் நம் நாட்டை நினைக்காமல் இருக்க முடியவில்லை. மனுஸ்மிருதியின் எட்டாம் அத்தியாயம் சாட்சிகளை வருண வரிசைப்படி விசாரிக்கச் சொல்கிறது. பிராமணரைப் பேசும்படி கேட்டால் போதும். சூத்திரரையோ எல்லாப் பாவங்களையும் சொல்லி அச்சுறுத்திக் கேட்க வேண்டும். கடைநிலையில் வைக்கப்பட்டோர் தம்மைப் போன்றோருக்கே சாட்சியாகலாம். இங்கிலாந்தில் நம்பிக்கையின் பெயரால் செய்யப்பட்டது இங்கே பிறப்பின் பெயரால் செய்யப்பட்டது. இரண்டும் ஒன்றல்ல. நம்பிக்கையற்றவர் பொய்யாகவேனும் ஒரு சத்தியத்தை முணுமுணுத்துத் தப்பலாம். பிறப்பை அப்படி மறைத்துத் தப்ப முடியாது. ஆயினும் ஒருவர் வாய் திறக்குமுன்பே அவர் சொல்லுக்கு எடை குறித்துவிடும் வேலையை இரண்டும் செய்தன.

ஆறு பென்ஸ் நூல்

1877இல் பிராட்லாவும் அன்னி பெசன்ட்டும் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் நோல்ட்டன் எழுதிய கருத்தடை பற்றிய சிறுநூலை மறுபதிப்பாக வெளியிட்டனர். அது புதிய நூல் அன்று. பல பத்தாண்டுகளாகச் சந்தையில் இருந்ததுதான். அதற்கு முன் அதை வெளியிட்டவர் வழக்குக்கு அஞ்சிக் குற்றத்தை ஒப்புக்கொண்டதால், அந்த ஒப்புதலை மறுக்கவே இவ்விருவரும் அதை அச்சிட்டனர். விற்கும் நாளையும் இடத்தையும் காவல்துறைக்கு முன்கூட்டியே தெரிவித்தனர். விலை ஆறு பென்ஸ்.

அந்த விலையே வழக்கின் உயிர்நாடி. உடலைப் பற்றிய இதே அறிவு விலையுயர்ந்த மருத்துவ நூல்களில் தடையின்றி இருந்தது. தொழிலாளர் குடும்பத்துப் பெண்ணின் கைக்கு எட்டும் விலையில் அது வந்ததே அரசுத் தரப்பின் கோபம். நூல் ஒழுக்கத்தைக் கெடுக்கக்கூடியது, ஆனால் வெளியிட்டவர்களுக்குத் தீய நோக்கமில்லை என்று நடுவர் குழு முரணாகத் தீர்ப்புரைத்தது. இருவருக்கும் ஆறு மாதச் சிறையும் தலா 200 பவுன் அபராதமும் விதிக்கப்பட்டன. குற்றப்பத்திரிகையின் குறைபாடு காரணமாக 1878இல் மேல்முறையீட்டில் தண்டனை நீங்கியது. இதற்கிடையே நூல் ஒரு லட்சத்திற்கு மேல் விற்றிருந்தது. ஆனால் பெசன்ட் தம் மகளை இழந்தார். நாத்திகம் பேசி, இப்படிப்பட்ட நூலை வெளியிட்ட தாயிடம் குழந்தை வளரக்கூடாது என்று நீதிமன்றம் கூறிவிட்டது.

நார்தாம்ப்டனும் நாடாளுமன்றமும்

நார்தாம்ப்டன் காலணித் தொழிலின் நகரம். தோலை வெட்டித் தைப்பவர்கள் அங்கே ஆயிரக்கணக்கில் வாழ்ந்தனர். 1867ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் அவர்களில் பலருக்கு வாக்குரிமை அளித்திருந்தது. பிராட்லா அங்கே 1868இல் ஒரு முறையும் 1874இல் இரு முறையும் நின்று தோற்றார். 1880 ஏப்ரலில் வென்றார்.

காமன்ஸ் சபையில் அமர, உறுப்பினர்கள் கடவுளின் பெயரால் பிரமாணம் செய்ய வேண்டும். இந்த வாயிலில் முன்பே பலர் தடுக்கப்பட்டிருக்கிறார்கள். கத்தோலிக்கர்களுக்கு அது 1829இல்தான் திறந்தது. 1847இல் தேர்ந்தெடுக்கப்பட்ட யூதரான லயோனல் ரோத்சைல்ட் 1858 வரை காத்திருந்தார். குவேக்கர்களுக்கு உறுதிமொழி கூறும் சலுகை கிடைத்திருந்தது. பிராட்லா அதையே கேட்டார். அவர் குவேக்கர் அல்லர் என்று சபைக் குழு மறுத்தது. அவ்வாறெனில் பிரமாணமே செய்கிறேன், கடவுள் பற்றிய சொற்கள் எனக்குப் பொருளற்றவை ஆயினும் வாக்குறுதி என்னைக் கட்டுப்படுத்தும் என்றார். நம்பாதவர் பிரமாணம் செய்வது புனிதத்தைக் கெடுக்கும் என்று அதையும் மறுத்தார்கள். உறுதி கூறவும் கூடாது; ஆணையிடவும் கூடாது. இரு கதவும் மூடப்பட்டன.

1880 ஜூன் 23 அன்று சபையை விட்டு வெளியேற மறுத்ததால், நாடாளுமன்ற மணிக்கூண்டில் அவரைச் சிறைவைத்தனர். மறுநாள் விடுவித்தனர். ஜூலையில், சட்ட விளைவுகள் அவருடைய பொறுப்பு என்ற நிபந்தனையோடு, உறுதிமொழி கூறி அமர அனுமதித்தனர். உடனே எதிராளிகள் வழக்குத் தொடுத்தனர். பிரமாணமின்றி அளித்த ஒவ்வொரு வாக்கிற்கும் 500 பவுன் தண்டம் கேட்டனர். 1881இல் நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்ததால் இடம் பறிபோனது. இடைத்தேர்தலில் நார்தாம்ப்டன் மீண்டும் அவரையே அனுப்பியது. 1881 ஆகஸ்ட் 3 அன்று, சபைக்குள் நுழைய முயன்ற அவரைக் காவலர்களும் சபை ஊழியர்களும் படிகளில் இழுத்துத் தள்ளி, உடை கிழிய வெளியேற்றினார்கள். வெளியே திரண்டிருந்த ஆதரவாளர்கள் வன்முறையில் இறங்காதிருக்கவே அவர் விரும்பினார், அவர்களும் கட்டுப்பட்டார்கள்.

1882இல் தாமே பிரமாணத்தைப் படித்துக் கையொப்பமிட்டார். சபை அவரை நீக்கியது. நகரம் திரும்பவும் தேர்ந்தெடுத்தது. 1883இல் கிளாட்ஸ்டன் அரசு கொண்டுவந்த உறுதிமொழி மசோதா 289க்கு 292 என மூன்றே வாக்குகளில் தோற்றது. 1884இல் அதே கதை, அதே இடைத்தேர்தல், அதே முடிவு. 1885 பொதுத் தேர்தலிலும் அவரே வென்றார். 1886 ஜனவரியில் புதிய சபையின் சபாநாயகர் ஆர்தர் பீல், தேர்ந்தெடுக்கப்பட்டவர் பிரமாணம் செய்வதைத் தடுக்க எவருக்கும் உரிமையில்லை என்று முடிவு கூறினார். பிராட்லா அமர்ந்தார். 1888இல் அவர் முன்னெடுத்த பிரமாணச் சட்டம், நம்பிக்கையற்ற எவரும் உறுதிமொழி கூறலாம் என்ற உரிமையை நாடாளுமன்றத்திலும் நீதிமன்றத்திலும் நிலைநாட்டியது.

ஆறு ஆண்டுகள் பிரபுக்களும் பேராயர்களும் ஒரு மனிதரை வெளியே தள்ள, காலணித் தொழிலாளர் நகரம் ஒன்று அவரை மீண்டும் மீண்டும் உள்ளே அனுப்பியது. தோலைத் தொட்ட கை தீண்டத்தகாதது என்று விதித்த நாட்டில் வாழும் நாம், இந்த வரலாற்றில் அந்தத் தொழிலாளர்களின் பிடிவாதத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும். பிராட்லாவின் வெற்றி நாவன்மையால் மட்டும் வந்ததன்று.

நாகரிகத்தின் எல்லை

இதே ஆண்டுகளில் தெய்வநிந்தனை வழக்கும் அவரைத் துரத்தியது. ஃப்ரீதிங்கர் இதழ் கேலிச்சித்திரங்களோடு மதத்தைச் சாடியதற்காக ஆசிரியர் ஜி. டபிள்யூ. ஃபூட் 1883இல் ஓராண்டுச் சிறைக்குச் சென்றார். அவரோடு சேர்த்து வழக்குத் தொடரப்பட்ட பிராட்லா, வெளியீட்டில் தமக்குப் பங்கில்லை என்பதை நிறுவி விடுதலையானார். தொடர்ந்த விசாரணையில் தலைமை நீதிபதி கோல்ரிட்ஜ் ஒரு புதிய வரையறை தந்தார்: விவாதத்தின் நாகரிகம் காக்கப்பட்டால், மதத்தின் அடிப்படைகளையே மறுத்தாலும் குற்றமில்லை.

அது முன்னேற்றமே. ஆனால் அதற்குள் ஒரு கண்ணி இருக்கிறது. எது நாகரிகம் என்று முடிவு செய்பவர் யார்? தடித்த நூலில் கற்றறிந்தோர் மொழியில் எழுதிய நம்பிக்கையின்மை ஏற்கெனவே பாதுகாப்பாகத்தான் இருந்தது. சந்தையில் நின்று சிரித்த நம்பிக்கையின்மையே சிறை சென்றது. இங்கிலாந்து தன் தெய்வநிந்தனைக் குற்றத்தை 2008இல் நீக்கிவிட்டது. இந்தியாவில் 1927இல் சேர்க்கப்பட்ட 295ஏ பிரிவு, புதிய குற்றவியல் சட்டத்தில் வேறு எண்ணோடு தொடர்கிறது. சாதியைக் காக்கும் புராணத்தைக் கேள்வி கேட்பவர்மீது மத உணர்வைப் புண்படுத்தியதாகப் புகார் எழும்போது, நாம் பார்ப்பதும் அந்தப் பழைய அளவுகோலைத்தான்.

இந்தியாவும் அவரும்

1880களில் சென்னையில் சில கீழ், இடைநிலை அலுவலர்களும் எழுத்தர்களும் கூடி, பிராட்லாவின் சங்கத்தை முன்மாதிரியாகக் கொண்டு சென்னை இலௌகிக சங்கத்தை நடத்தினர். தமிழில் தத்துவ விவேசினி, ஆங்கிலத்தில் தி திங்கர் என இரு இதழ்கள் அவர்களுடையவை. மதத்தை மறுத்ததோடு அவர்கள் நிற்கவில்லை. சாதியையும் பிராமணச் சடங்கையும் சேர்த்தே எதிர்த்தார்கள். லண்டனில் பிராட்லா எதிர்கொள்ளத் தேவையில்லாத ஒரு பகைவனைச் சென்னை நாத்திகர்கள் எதிர்கொண்டார்கள்.

நாடாளுமன்றத்தில் இந்தியாவுக்காகத் தொடர்ந்து பேசியதால், இந்தியாவின் உறுப்பினர் என்றே பிராட்லா அழைக்கப்பட்டார். 1889 டிசம்பரில் நோய் தேறிய உடலோடு பம்பாய் வந்து காங்கிரஸ் மாநாட்டில் பேசினார். 1890இல் சட்டசபைச் சீர்திருத்த மசோதா ஒன்றை முன்வைத்தார். ஆனால் அவரை வரவேற்ற காங்கிரஸ், சமூகச் சீர்திருத்தத்தைத் தன் மேடைக்கு வெளியே நிறுத்தியிருந்தது. பிரதிநிதித்துவம் கேட்டு அவரைக் கொண்டாடியவர்கள், தங்கள் ஊர்க் கிணற்றில் யாருக்கு நீர் மறுக்கப்படுகிறது என்பதை அந்தப் பந்தலில் பேசவில்லை. பிராட்லாவும் அதைக் கேட்டு வற்புறுத்தவில்லை. தனிமனித உரிமையில் ஊன்றி நின்ற அவர் சோசலிசத்தையும் எதிர்த்தவர். கடவுளை மறுத்த ஒருவரின் பார்வையும் எல்லா அடுக்குகளையும் எட்டிவிடுவதில்லை.

அவருடைய தோழர் அன்னி பெசன்ட்டின் பாதை இன்னும் கசப்பானது. 1889இல் பிரம்மஞான சபையில் சேர்ந்து, பின் அடையாறு வந்து அதன் தலைவரானார். 1909இல் எழுதிய கட்டுரை ஒன்றில், ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளைத் தூய்மையைக் காரணம் காட்டி மற்றப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் சேர்ப்பதை எதிர்த்தார். அண்ணல் அம்பேத்கர் பின்னாளில் தம் நூலில் இக்கட்டுரையை எடுத்துக்காட்டி அம்பலப்படுத்தினார். ஆறு பென்ஸுக்கு அறிவு கிடைக்க வேண்டுமென்று குற்றவாளிக் கூண்டில் நின்றவர், சேரிப் பிள்ளைக்குப் பள்ளிப் பலகையில் இடம் தரத் தயங்கினார்.

அழிக்கப்பட்ட தீர்மானம்

1891 ஜனவரி 27 அன்று காமன்ஸ் சபை, பிராட்லாவை விலக்கிய தன் 1880ஆம் ஆண்டுத் தீர்மானத்தைப் பதிவேட்டிலிருந்தே நீக்கியது. அச்செய்தியை அறியும் நிலையில் அவர் இல்லை. ஜனவரி 30 அன்று 57 வயதில் இறந்தார். அவர் விட்டுச் சென்றவற்றில் கடனும் இருந்தது. சாகும்போது மனம் திரும்பினார் என்று எவரும் கதை கட்டிவிடாதிருக்க, அவரைப் பேணிய செவிலியரிடம் மகள் ஹைபேஷியா கையொப்பமிட்ட சாட்சியம் வாங்கி வைத்தார். இறந்த பின்னும் அவர் சொல்லுக்குச் சாட்சி தேவைப்பட்டது. புரூக்வுட் இடுகாட்டில் சடங்கும் சொற்பொழிவும் இன்றி உடலைப் புதைத்தார்கள். அங்கு நின்ற இந்தியர்களில் அப்போது சட்டம் பயின்றுகொண்டிருந்த காந்தியும் ஒருவர்.

பிராட்லாவை நாம் வழிபட வேண்டியதில்லை. வழிபாட்டை அவரும் விரும்பியிருக்க மாட்டார். அவர் போராடிய முறையைக் கற்றுக்கொள்ளலாம். அவமதிப்பை அவர் வெறும் அவமதிப்பாக விட்டுவிடவில்லை. அதைத் தாங்கி நின்ற சட்டப்பிரிவு எது என்று தேடினார். அதை வழக்காக்கினார், தேர்தலாக்கினார், மசோதாவாக்கினார். இன்று வன்கொடுமை வழக்குகளில் தலித் சாட்சிகள் மிரட்டப்படுகிறார்கள், சாட்சிகள் பிறழ்கிறார்கள், காவல் நிலையத்தில் புகாரைப் பதியவே நாள்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. உளமார உறுதி கூறும் உரிமை ஏட்டில் இருக்கிறது. அப்படி உறுதி கூறும் சேரிப் பெண்ணின் சொல்லை ஊர்த்தலைவரின் சொல்லுக்கு நிகராக எடுத்துக்கொள்ளும் காவல் நிலையங்களும் நீதிமன்றங்களும் எத்தனை என்பதை, ஒவ்வொரு வழக்காக நாம் கேட்டாக வேண்டும்.